பதினேழாம் நம்பர் ஒயர்

செருப்பக் கழட்ட வேணாம் மாப்ளே, அப்படியே போட்டுல ஏறு. செருப்போட ஏறாதீங்கன்னு நானே எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருந்த காலம் ஒன்னு இருந்துச்சு, ஞாபகம் இருக்கும் உனக்கு. இப்ப தலைகீழ். வெறுங்காலோட ஏறி எங்கயாவது ஷாக் அடிச்சா நான் பொறுப்பில்ல.

பன்னெண்டு வோல்ட்ல ஷாக் அடிக்காதா? இங்க அடிக்குதே. கரையிலேந்து வர்ற பெரிய கரண்ட்டு அதுல எங்கயோ கலந்திருக்குமா? இருக்கும். அத என்னக் கேட்டா? அதுக்குத்தான உன்ன வரச் சொன்னது.

சரி, நான் வரச் சொல்லல, உங்கக்கா தான் சொன்னா. எந்த வாய் சொன்னா என்ன. அவ போன் பேசும்போது நான் பக்கத்துல நின்னு காய்கறி நறுக்கிட்டு இருந்தேன். நான் காய் நறுக்கி நீ பாத்திருக்கியா? இல்லல்ல. அதுலயே நீ புரிஞ்சிக்கணும்.

ஏறலியா. சரி, படகுத்துறை மேடையிலயே நில்லு. வெயில் உன் தலையில தான அடிக்குது. மூணு வருஷம் கழிச்சு அவ்வளவு தூரத்துலேந்து வந்தவனுக்கு இந்த மூணடி தான் கஷ்டமா இருக்கு. யோசி, யோசி. நீ எப்பவும் அப்படித்தான். நீ ரிப்பேர் பாக்கற லிப்டுக்குள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு கதவ ஒடச்சாலும் நீ மொதல்ல டெஸ்டர வச்சு மூணு எடத்துல தொட்டுப் பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பே. உள்ள மாட்டினவன் கூட உன்ன விட சந்தோஷமா இருப்பான். பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளாவது இருக்கும்ல அவனுக்கு.

விஷயம் என்னன்னா, நாளைக்கு பத்து மணிக்கு படகுத்துறை ஆபீஸ்லேந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. வருஷா வருஷம் வர்ற ஆள் இல்ல, புது ஆள். பழைய ஆள நான் பேசியே சரிக்கட்டிருவேன். இந்தாளு பேசறதுக்கு முன்னாடி கையில ஒரு டார்ச்ச எடுத்துக்கறாராம். பாஸ் பண்ணா இங்கயே கட்டிப் போட்டுக்கலாம். இல்லன்னா கயித்த அவுத்துட்டு எங்கயாவது இழுத்துட்டுப் போங்கன்னுருவாரு. முப்பத்திரண்டு வருஷத்து போட்ட, கேபினோட, எங்க இழுத்துட்டுப் போறது மாப்ளே. வீட்டு மாடியிலயா?

ஆங், வணக்கம் டாக்டர்! ஆமா, மச்சினன் தான். லீவுல வந்திருக்கான். சும்மா பாத்துட்டுப் போக.

பாத்தியா, பல் டாக்டர். இன்னும் பக்கத்து எடத்துல தான் கட்டியிருக்கான். போட்டு அவன் பல்லு மாதிரியே வெள்ளையா இருக்கு, ஒரு நாளும் வெளிய எடுக்க மாட்டான். அன்னிக்கு ஒரு நாள் தான் எடுத்தான். எடுத்து நம்மள இழுத்துட்டு வந்தான். அதுக்கப்புறம் மூணு வருஷமா தினம் காலைல இஞ்சின் எப்படி சார் இருக்குன்னு கேக்கறான். பல்லப் புடுங்கறவன் புடுங்கிட்டு விட்ரணும். வலிக்குதான்னு மூணு வருஷம் கேட்டுட்டு இருக்கக் கூடாது.

சரி, நிலவரம் சொல்றேன், கேட்டுக்கோ. ஹார்ன அழுத்தினா சமையல்கட்டுக் குழாயில தண்ணி வருது. கக்கூஸ் பம்ப அடிச்சா முன்னாடி வைப்பர் ஒரே ஒரு தடவ ஆடுது, டாட்டா காட்டற மாதிரி. கேபின்ல லைட்டப் போட்டா திசை காட்டற கருவி அணைஞ்சு போகுது. அதாவது எங்க போறோம்னு தெரியணும்னா இருட்டுல உக்காரணும், வெளிச்சம் வேணும்னா எங்க போறோம்னு கேக்கக் கூடாது. அடியில தேங்கற தண்ணிய எறைக்கற பம்பு இருக்குல்ல, தண்ணி ஏறினா மெதவைக் கட்டை மேல எழும்பி தானா ஓடற மாதிரி நீ மாட்டிக் குடுத்தது? இப்பவும் தானா ஓடிட்டுத்தான் இருக்கு. ஓடறது பம்பு இல்ல, நான். வாரத்துக்கு ரெண்டு தடவ வீட்லேந்து ஓடியாந்து சுவிட்சப் போடறேன்.

சிரிக்கிறியா? இல்லையா. வாய் கோணுச்சு, அதான் கேட்டேன்.

யார் பண்ணதா? நான் தான். நீ போயிட்டே. உன் ஒயரு பூரா ஒன்னொன்னா கழட்டிப் போட்டேன். கோவம் மாப்ளே. நீ கலர் கலரா இழுத்து, ஒவ்வொரு நுனியிலயும் சின்னச் சீட்டு ஒட்டி, நம்பர் போட்டு, ஆஸ்பத்திரியில கொழந்த கையில கட்ற மாதிரி கட்டி வச்சிருந்தே. அந்த நம்பர் ஒவ்வொன்னும் என்னப் பாத்து மொறைக்கற மாதிரி இருந்துச்சு. போய்யான்னு எல்லாத்தையும் அறுத்துட்டு நானே புதுசா இழுத்தேன்.

இழுத்ததுல ஒரு சின்ன விஷயம். மார்க்கெட்ல ஒருத்தன் ஒயர் ரோல் வச்சிருந்தான். நான் எப்படிப் பேசுவேன்னு உனக்குத் தெரியும். அவன் சொன்ன வெலையக் கேட்டு நான் நெஞ்சப் புடிச்சிக்கிட்டேன், அவன் தண்ணி எடுத்துட்டு ஓடியாந்தான், அப்புறம் பாதியில ஆரம்பிச்சு அதுலயும் பாதிக்கு முடிச்சேன். ஆனா ஒரு கண்டிஷன். மொத்தமா எடுக்கணும். எடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரிச்சா எல்லாம் செவப்பு.

ஆமா, எல்லாமே. போற ஒயரு செவப்பு, வர்ற ஒயரு செவப்பு, பூமிக்குப் போறது செவப்பு. கரண்ட்டுக்கு என்ன கண்ணா இருக்கு, கலர் பாத்துப் போறதுக்கு? அப்படித்தான் நெனச்சேன். கரண்ட்டுக்குக் கண்ணு இல்லாம இருக்கலாம், எனக்கு இருந்திருக்கலாம்.

சரி விடு. நீ ஏற வேணாம். நான் பேனல மட்டும் ஒரு தடவ தொறந்து காட்டறேன். உனக்குத்தான் பாக்கப் புடிக்காதே, அந்தப் பக்கம் திரும்பிக்கோ. நாலு ஸ்க்ரூ தான்... ரெண்டு தான் இருக்கு. இந்தா. இதான். கருவாட்டுக் கொழம்பக் கொட்டின மாதிரி. இதுல எங்க பியூஸ், எங்க பேட்டரின்னு...

பாத்து, பாத்து. கம்பியப் புடிச்சு ஏறு, அது ஆடும். வா. அந்த சீட்டுல உக்காராத, நனைஞ்சிருக்கும்.

நான் ஒன்னும் தந்திரம் பண்ணல. முப்பது வருஷமா பழைய மெஷின் வாங்கி விக்கிறேன். துணிய விலக்கிக் காட்டினா எவன் கிட்ட வருவான், எவன் வர மாட்டான்னு தெரியாதா எனக்கு? உன்னால அழுகற கொழந்தையப் பாத்துட்டுப் போயிர முடியும். தப்பா முறுக்கின ஒயரப் பாத்துட்டுப் போக முடியாது.

தொடாத. ஒரு நிமிஷம். சாவி கேக்கறியா?

அங்கதான். வால்வுக் கைப்பிடியில. குனிஞ்சு பாரு, மாட்டியிருக்கேன். வால்வு மூடியிருக்கு, சாவி அது மேல தொங்குது. மூணு வருஷமா ஒரு நாள் கூட தப்பல. நீ போட்ட சட்டம் தான. இஞ்சின ஆற வைக்கற கடல் தண்ணி வர்ற வால்வு அது. போட்ட கட்டிட்டுக் கெளம்பும்போது வால்வ மூடு, இஞ்சின் சாவியக் கொண்டு போய் அந்தக் கைப்பிடியிலயே மாட்டு. அடுத்த தடவ ஓட்ட வர்றவன் சாவிய எடுக்கணும்னா அங்க குனிஞ்சே ஆகணும், குனிஞ்சா வால்வு கண்ணுல பட்டே ஆகணும், தொறந்தே ஆகணும். மறக்கவே முடியாதுன்னே. நான் சிரிச்சேன். இவன் வீட்லயும் பல்பொடி டப்பாவ கொழாயில கட்டித் தொங்க விடறவன் தான்டின்னு உங்கக்காகிட்ட சொன்னேன்.

ஏன், சாவிய பாக்கெட்ல போட்டுக்கறே? ஓ. லிப்டுக் குழியில எறங்கறவன் மெயின் சாவிய தன் பாக்கெட்ல போட்டுக்கிட்டுத்தான் எறங்குவான். சரிதான். மேல நிக்கறவன நம்பக் கூடாது. நல்ல பழக்கம். நான் ஒன்னும் தப்பா எடுத்துக்கல.

எறங்கு. அந்தப் பலகைய நான் தூக்கிப் புடிக்கறேன். டார்ச்சு இந்தா. மண்டைய இடிச்சுக்காத, அங்க ஒரு பைப்பு வரும். இடிச்சிட்டியா. நான் சொல்றதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?

அன்னிக்கும் இப்படித்தான் அவசரம். உனக்கில்ல, எனக்கு. நீ அது பத்திப் பேச வேணாம்னா பேசல. நான் சும்மா எனக்கே சொல்லிக்கறேன். ரெண்டு வருஷம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் வந்து சரி பண்ணின போட்டு, மொத மொதல்ல குடும்பத்தோட வெளிய எடுக்கறோம். உங்கக்கா புதுப் புடவை. உன் பொண்டாட்டி, புள்ளைங்க, ஒரு கூடை நெறைய சாப்பாடு. நான் வந்து பாக்கறேன், சாவி சுவிட்ச்சுலயே இருக்கு. சாவி சுவிட்ச்சுல இருந்தா என்ன அர்த்தம்? எவனோ வால்வுகிட்டப் போய் எடுத்திருக்கான், அப்ப வால்வு தொறந்திருக்கு. திருப்பினேன். ஓடுச்சு. நீ அந்த மூலையில உக்காந்து உன் நீலக் கலர் நோட்டுல என்னவோ எழுதிட்டு இருந்தே. இஞ்சின் மொத்தம் எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னு காட்டற மீட்டரப் பாத்து ஓட்டறதுக்கு முன்னாடி எழுதுவியே, அந்த நோட்டு. எழுதிட்டு என்னவோ கேக்க வந்தே. என்ன எழுத்து, எந்திரிச்சுக் கயித்த அவுருன்னு கத்தினேன்.

புகைக்கொழாய் வழியா பின்னாடி தண்ணி துப்புதான்னு பாக்கணும். பாத்திருந்தா துப்பலன்னு தெரிஞ்சிருக்கும். பல் டாக்டருக்குக் கை காட்டிட்டு இருந்தவன் பின்னாடி எங்க பாக்கறது. அலைத் தடுப்புச் சுவரக் கூடத் தாண்டல, ரப்பர் கருகற நாத்தம். அப்புறம் புகை. அப்புறம் கடக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். இஞ்சின் சூடானா கத்தறதுக்குன்னு நீ மாட்டின பஸ்ஸரும் கத்தல.

டாக்டர் வந்து இழுத்துட்டு வந்தான். அம்பது பேரு மேடையில நிக்கறான். உங்கக்கா முந்தானைய வச்சு மூக்கப் பொத்திக்கிட்டு எறங்கறா. நான் வாயத் தொறந்தேன். போன ஞாயித்துக்கெழம கடைசியா மூடிட்டுப் போனது நீ. சாவிய மாட்டாம சுவிட்ச்சுலயே விட்டுட்டுப் போனது நீ. பஸ்ஸர ஒழுங்கா மாட்டாதது நீ. லிப்ட மேல கீழ இழுக்கத் தெரிஞ்சவனெல்லாம் போட்டுல கை வச்சா இப்படித்தான்னேன். உன் புள்ளைங்க முன்னாடி சொன்னேன். நீ ஒரே ஒரு வார்த்த சொன்னே. மாட்டினேன் அத்தான். அவ்வளவுதான். திரும்பிப் பாக்காம போயிட்டே.

ஏன் அதுக்கு மேல ஒன்னும் பேசல நீ? சண்ட போட்டிருக்கலாம். நாலு வார்த்த திருப்பிக் குடுத்திருந்தா நான் பத்து குடுத்து, நீ இருபது குடுத்து, எங்கயாவது ஒரு எடத்துல முடிஞ்சிருக்கும். எனக்கு பேரம் பேசித்தான் பழக்கம் மாப்ளே. ஒருத்தன் மொத வெலையச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

என்ன? சத்தமா சொல்லு, அடியிலேந்து கேக்கல. எது? தனியா ஒரு ஒயரா?

வெள்ளையா. நுனியில சீட்டு. நம்பர் இருக்கா? பதினேழா.

அது நீ போட்டது தான். அது ஒன்ன மட்டும் நான் அறுக்கல. எங்கயும் மாட்டல, சும்மா தொங்கிட்டு இருக்குல்ல? ஆமா, மூணு வருஷமா தொங்குது. அது பஸ்ஸர் ஒயரு. நுனி கருகலயே, அறுந்தும் இருக்காது. கையால புடுங்கினா அப்படித்தான் வரும்.

நான் தான் புடுங்கினேன். புதன்கிழம.

நீ வேலையப் பாரு, தலைய வெளிய எடுக்க வேணாம். நீ அங்க இருக்கும்போதே சொல்லிடறேன். அந்த ஞாயித்துக்கெழமைக்கு முந்தின புதன்கிழம. ஒருத்தன் வந்தான், தொப்பி போட்டுக்கிட்டு. போட்டு விக்கறதா கேள்விப்பட்டேன்னான். நான் தான் அங்க இங்க காதுல போட்டு வச்சிருந்தேன். விக்கணும்னு இல்ல. நம்ம ரெண்டு வருஷ வேலைக்கு எவன் என்ன வெல சொல்றான்னு பாக்கணும். அது ஒரு அரிப்பு. பாதி போட்டு உன்னோடது, உன்னக் கேக்கணும்னு தோணல. தோணுச்சு. கேக்கல.

சாவிய எடுத்து, வால்வத் தொறந்து, ஒழுங்காத்தான் ஆரம்பிச்சேன். சாவியத் திருப்பினதும் உன் பஸ்ஸர் ஒரு தடவ கத்தும்ல, உயிரோட இருக்கேன்னு காட்டறதுக்கு. அவன் என்னங்க இது, இஞ்சின்ல கோளாறான்னான். கோளாறா? இந்தாங்கன்னு கைய விட்டு ஒரே இழுப்பு. சத்தம் நின்னுச்சு. வாங்கறவன் முன்னாடி கத்தற பொருள எவன் விப்பான்? இருபத்தஞ்சு நிமிஷம் ஓட்டிக் காமிச்சேன். நிறுத்தினேன். வால்வ மூடினேன். சாவிய எடுக்கலாம்னு வர்றேன், அவன் மேடையில நின்னுக்கிட்டு வெல சொல்றான். என்ன வெல தெரியுமா? பழைய இரும்புக்குக் கூட அந்த வெல சொல்ல மாட்டான். எனக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு. அப்படியே எறங்கி அவன் பின்னாடியே திட்டிக்கிட்டு கேட்டு வரைக்கும் போனேன். கேட்டுலேந்து அப்படியே வீட்டுக்கு. சாவி சுவிட்ச்சுலயே இருந்துச்சு.

இதான்.

எப்பத் தெரியுமா எனக்கு? இழுத்துட்டு வரும்போதே தெரியும். டாக்டர் கயித்தப் போடறான், எனக்குத் தொப்பிக்காரன் மூஞ்சி கண்ணு முன்னாடி வருது. அத நான் சொன்னா புதன்கிழம எதுக்கு வந்தேன்னு சொல்லணும். அதுக்கு உன்னத் திட்டறது சுலபமா இருந்துச்சு. ஒரு வாரம் போகட்டும்னு நெனச்சேன். அப்புறம் ஒரு மாசம். உங்கக்கா ஒவ்வொரு வாரமும் பாத்ரூமுக்குள்ள போய் கொழாயத் தொறந்து விட்டுட்டு உங்கிட்ட போன் பேசுவா, எனக்குத் தெரியக் கூடாதுன்னு. நான் வெளிய நின்னு தண்ணிய வீணாக்காதன்னு கத்துவேன். அவகிட்டயும் சொல்லல இன்னும். இன்னிக்கு சாயங்காலம் சொல்லணும். நீ கூட இருந்தா கொஞ்சம் அடி கொறையும்.

ஏதாச்சும் சொல்லேன். பத்தாம் நம்பரா? ஸ்பேனரா கேக்கற? இந்தா.

இன்னும் ஒன்னு. போன வாரம் இந்தச் செவப்புக் கண்றாவியில எங்க ஷார்ட்டுன்னு தேடினப்ப, பேட்டரிப் பெட்டிக்குப் பின்னாடி உன் நீல நோட்டு கெடச்சுது. கடைசிப் பக்கம் பாத்தேன். முந்தின ஞாயிறு நிறுத்தும்போது ஒரு நம்பர். அந்த ஞாயிறு ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு நம்பர். ரெண்டும் ஒன்னா இருக்கணும். இல்ல. நடுவுல பென்சில்ல சின்னதா ஒரு வட்டம் போட்டு வச்சிருக்கே. அதத்தான் கேக்க வந்திருக்கே அன்னிக்கு. நான் கயித்த அவுருன்னுட்டேன்.

அப்ப அந்த மேடையில நான் அவ்வளவு கத்தும்போது உனக்குத் தெரியும். நோட்டப் பிரிச்சுக் காட்டிருந்தா அம்பது பேரு முன்னாடி நான் செத்தேன். காட்டல நீ. எடுத்துட்டும் போகல, இங்கயே போட்டுட்டுப் போயிட்டே. நான் ஒரு நாள் பாப்பேன்னு நெனச்சியா? மூணு வருஷம் ஆச்சு பாக்க. நான் எங்க நோட்டு படிக்கறேன்.

அந்த வட்டத்துக்குப் பக்கத்துல நானே பேனாவால எழுதிட்டேன். புதன்கிழம, இருபத்தஞ்சு நிமிஷம், ஓட்டினது நான்னு. கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. நோட்ட உன் தோள்பைகிட்ட வச்சிருக்கேன், போகும்போது...

ஐயையோ, என்னது இது, காது போச்சு! சாவி உன் பாக்கெட்ல தான இருக்கு, பஸ்ஸர் எப்படிக் கத்துது? நேரா பேட்டரியில தொட்டியா. பதினேழா.

ஒன்னுமில்ல டாக்டர்! ஒன்னுமில்ல, இஞ்சின் நல்லாத்தான் இருக்கு, நீங்க உள்ள போங்க.

வேணாம் மாப்ளே, எடுக்காத. புடிச்சிக்கிட்டே இரு. இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்.